குவாரிக்கு டீசல் கொண்டு செல்லும் தொட்டி: வாங்குவதற்கு முன்பிருந்து முதல் நாள் ஊற்றுவது வரை

கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் பொக்லைனும் கம்ப்ரசரும் நிற்கும் இடத்திற்கே டீசல் போக வேண்டும். அதற்காகப் பிக்கப் வண்டியில் ஏற்றும் தொட்டியை வாங்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எத்தனை லிட்டர், என்ன விலை என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்பாக முடிவு செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய் வாங்கிய தொட்டிகள் ஆறு மாதத்தில் ஷெட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடப்பதைப் பல குவாரிகளில் பார்த்துவிட்டதால், செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. ஆறு நாள் செலவை எழுதி வையுங்கள்

இயந்திரம் விற்றவர் சொன்ன கணக்கை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யக் கூடாது. கடினமான பாறையில் வேலை செய்யும் பொக்லைனும், மண் அள்ளும் அதே பொக்லைனும் ஒரே அளவு டீசல் குடிப்பதில்லை. ஆறு வேலை நாள்களுக்கு ஒவ்வொரு இயந்திரத்திலும் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், ஹவர் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று இரண்டையும் குறித்து வாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு பொக்லைன்கள் மணிக்கு 14 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 224 லிட்டர். இரண்டு கம்ப்ரசர்கள் மணிக்கு 10 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம் ஓடினால் 100 லிட்டர். ஜெனரேட்டருக்கு 26 லிட்டர். ஆக மொத்தம் நாளொன்றுக்கு 350 லிட்டர்.

இதற்கு 350 லிட்டர் தொட்டி போதும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. மேலே ஐந்து சதவீத இடம் காலியாக இருக்க வேண்டும். அடியில் ஐந்து சதவீதத்தை உறிஞ்சக் கூடாது, ஏனெனில் தண்ணீரும் வண்டலும் தங்குவது அங்கேதான். ஆகவே 500 லிட்டர் தொட்டியில் புழங்கக்கூடியது 450 லிட்டர். அன்றைய தேவை போக 100 லிட்டர் கையிருப்பு மிஞ்சும். ஒரு நாள் வண்டி வராவிட்டால் கம்ப்ரசராவது நிற்காமல் ஓடும்.

மேலே விடும் காலி இடத்திற்குக் காரணம் வெப்பம். ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் டீசல் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் விரிவடையும். காலையில் 22 டிகிரியில் விளிம்பு வரை நிரப்பிய 500 லிட்டர், வெயிலில் நின்று 40 டிகிரிக்கு ஏறினால் ஏழு லிட்டருக்கு மேல் வெளியே வழியும்.

2. சட்டம் எங்கே எல்லை போட்டிருக்கிறது என்று பாருங்கள்

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி டீசல் ‘பி’ வகுப்பு எரிபொருள். ஒருவரிடம் ஓரிடத்தில் இருக்கும் மொத்த ‘பி’ வகுப்பு எரிபொருள் 2,500 லிட்டருக்கு மிகாமலும், அதை வைத்திருக்கும் எந்தக் கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு மிகாமலும் இருந்தால், கொண்டு செல்லவும் இருப்பு வைக்கவும் உரிமம் தேவையில்லை என்கிறது அதன் 7ஆம் பிரிவு.

இதில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தவறுகிறார்கள். 1,200 லிட்டர் தொட்டியை வாங்கி, 900 லிட்டர் மட்டுமே நிரப்புகிறேன் என்பார்கள். சட்டம் பார்ப்பது கலனின் கொள்ளளவை; உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. இன்னொன்று, பிக்கப்பில் உள்ள தொட்டியை மட்டும் எண்ணிவிட்டு, ஷெட்டில் கிடக்கும் 200 லிட்டர் பேரல்களை மறந்துவிடுவது. எல்லாவற்றையும் கூட்டித்தான் 2,500 லிட்டர்.

உரிமம் தேவையில்லை என்பதற்கு எந்தக் கலனிலும் ஊற்றலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. 2002ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகளின்படி, ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட டீசல் கலன், வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஏற்ற வகையாக இருக்க வேண்டும். தொட்டி விற்பவரிடம் அந்த அனுமதிச் சான்றின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

இவை அனைத்தும் சொந்த இயந்திரங்களுக்குக் கொண்டு போவதைப் பற்றியவை. பக்கத்துக் குவாரிக்கு விலைக்கு ஊற்றத் தொடங்கினால் அது வேறு தொழில். அதற்கு வேறு அனுமதிகள் வேண்டும். பெட்ரோலுக்கு எல்லை மிகவும் குறுகியது: விற்பனைக்கு அல்லாமல், உரிமமின்றி வைத்திருக்கக்கூடியது 30 லிட்டர்தான். டீசல் தொட்டியில் ஒரு நாளும் பெட்ரோலை ஊற்ற வேண்டாம். தொட்டியோடு வரும் டீசல் பம்ப் பெட்ரோல் ஆவிக்கு ஏற்றதல்ல.

“டீசல் பத்தாதுங்கண்ணா, தீக்குச்சியைப் போட்டாலும் அணைஞ்சிடும்” என்று ஆபரேட்டர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நம் நாட்டு டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரியிலேயே தொடங்கலாம் என்று தர அளவு அனுமதிக்கிறது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் காற்றே அதற்கு மேல் சுடுகிறது. வெயிலில் நிற்கும் இரும்புத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

3. வண்டி சுமக்குமா என்று ஆர்.சி.யைப் பாருங்கள்

ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.83 கிலோ. 500 லிட்டர் என்பது 415 கிலோ. தொட்டி, பம்ப், ஹோஸ், இரண்டு ஆள் எல்லாம் சேர்ந்தால் 650 கிலோவைத் தொடும். 1,000 லிட்டர் தொட்டியானால் எண்ணெய் மட்டுமே 830 கிலோ.

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் வண்டி சுமக்கக்கூடியது. சின்ன யானை வகை வண்டிகளில் 1,000 லிட்டர் தொட்டியை ஏற்றுகிறவர்கள், சமதளத்தில் ஓடுகிறது என்பதை வைத்துச் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குவாரிக்குள் இறங்கும் மண் ராம்ப்பிலும், தொப்பூர் கணவாய் இறக்கத்திலும்தான் பிரேக் போதவில்லை என்பது தெரிய வரும். அப்போது தெரிந்து பயனில்லை.

4. இப்போது தொட்டியின் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எஃகுத் தகடு, அலுமினியம், எரிபொருளுக்கென்றே வார்க்கப்பட்ட தடித்த பாலிஎதிலீன் ஆகிய மூன்றும் பொதுவாகக் கிடைப்பவை. கல் தெறிக்கும் குவாரிக்கு நான் எஃகையே சொல்வேன். நசுங்கினாலும் உடையாது, மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும் நில இணைப்புக் கம்பியை நேராகப் பொருத்தலாம், உள்ளூர் வெல்டரே தாங்கியைச் சரிசெய்ய முடியும். ஆனால் டீசல் புழங்கிய தொட்டியின் மேல் மட்டும் வெல்டிங் வைக்கவே கூடாது. காலியான தொட்டியில் மிஞ்சியிருக்கும் ஆவி, நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. துருப்பிடிக்கும் என்பது எஃகின் குறை. அதற்குரிய வைத்தியம் அடுத்த பகுதியில் வருகிறது.

உள்ளே துத்தநாகம் பூசிய தொட்டியை வாங்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது என்பதால் டீசலுக்கும் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். டீசலில் உருவாகும் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற பசையாகி ஃபில்டரை அடைத்துவிடும். செம்பு, பித்தளை இணைப்புகளையும் டீசல் நெடுநேரம் படும் இடங்களில் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் செம்பு டீசலை விரைவில் கெடுக்கும்.

ஓசூர் பக்கம் பழைய பொருள் கடைகளில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் 1,000 லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதிகம் பேர் விழும் இடம் இதுதான். முன்பு அதில் எந்த ரசாயனம் இருந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. உள்ளே அலையைத் தடுக்க எதுவும் இல்லை. அடியிலுள்ள பிளாஸ்டிக் வால்வில் ஒரு கல் பட்டால் ஆயிரம் லிட்டரும் தரையில். வெயில் பட்டுப் பட்டுச் சுவர் நொறுங்கும் தன்மை அடையும். நெருப்பு பிடித்தால் சில நிமிடங்களில் உருகிவிடும். விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

5. தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள்

வெளியே அடித்த பெயின்ட் எப்படி இருந்தாலும், மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, குறுக்குத் தடுப்புத் தகடுகள். பாதி நிறைந்த தொட்டியில் டீசல் முன்னும் பின்னும் அலைமோதும். பிரேக் போடும் நொடியில் இருநூறு கிலோ திரவம் முன்சுவரில் வந்து முட்டும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும். நிறைந்த தொட்டியைவிடப் பாதித் தொட்டிதான் வண்டியை அதிகம் ஆட்டும் என்பது புதிய டிரைவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. அஞ்செட்டி மலைப்பாதை போன்ற வளைவுகளில் இது விளையாட்டல்ல. 300 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் தடுப்பு இல்லையென்றால் நான் ஏற்க மாட்டேன். தடுப்புத் தகட்டின் அடியிலும் மேலேயும் டீசல் கடந்து செல்ல வழி விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒரு அறையில் எண்ணெய் தங்கிவிடும்.

இரண்டாவது, காற்று போய் வரும் வழியான பிரீத்தர். தொட்டியிலிருந்து டீசல் வெளியேறும்போது அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். பிரீத்தர் அடைபட்டால் பம்ப் திணறும், மெல்லிய தகடு உள்வாங்கிக்கொள்ளும். அப்போது ஆள்கள் செய்வது மூடியைத் திறந்து வைப்பது. கிரானைட் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், எஃகையே கீறும் அளவுக்குக் கடினமானது. அது திறந்த மூடி வழியாக உள்ளே போய், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை பயணம் செய்யும். எனவே பிரீத்தரில் தூசி வடிகட்டியும், தீ உள்ளே புகாதபடி கம்பி வலையும், வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வும் இருக்க வேண்டும். வடிகட்டியைக் கடையில் தனியாக வாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குவாரியில் அது மாதத்திற்கு ஒருமுறை மாறும்.

மூன்றாவது, அடியில் ஒரு மூலைக்குச் சரிவும், அங்கே சிறு குழியும், அதில் திருகுமூடி போட்ட வடிகாலும். பகல் வெப்பத்திற்கும் இரவுக் குளிருக்கும் இடையே தொட்டியின் உள்சுவரில் ஈரம் படிந்து தண்ணீராக இறங்கும். தேன்கனிக்கோட்டை மேட்டில் மார்கழி இரவுகளில் இது நன்றாகவே நடக்கும். அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லாததால்தான் எஃகுத் தொட்டிகள் உள்ளிருந்து துருப்பிடிக்கின்றன.

நான்காவது, உறிஞ்சு குழாய் தொட்டியின் மேற்புறம் வழியாக இறங்கி, அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அடிப்பக்க டேப் வைத்த தொட்டி வேண்டாம். ஹோஸ் கழன்றாலும் எண்ணெய் தானாக வழியாதபடி சைஃபன் தடுப்பு வால்வும் இருக்கட்டும்.

ஐந்தாவது இரட்டைச் சுவர். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இறக்கி வைக்கும் தொட்டியானால், உள்தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும் வெளிச்சுவர் கொண்டதாக வாங்குங்கள். தினமும் பங்க்கிற்குப் போய் வரும் தொட்டிக்கு அந்தக் கூடுதல் எடை சுமைதான். ஒற்றைச் சுவரே போதும்.

6. பம்ப், வயர், மீட்டர்

இங்கே எரிந்துபோகும் பம்புகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் எரிகின்றன. பிக்கப்பின் பேட்டரி 12 வோல்ட். பொக்லைனும் டிப்பர் லாரியும் 24 வோல்ட். பிக்கப்பை ஆஃப் செய்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பொக்லைன் பேட்டரியில் கிளிப்பை மாட்டுவார்கள். ஒரு குவாரியில் ஒரே மாதத்தில் மூன்று பம்புகள் இப்படிப் போயின. மூன்றாவது முறைதான் காரணம் பிடிபட்டது. வண்டி பேட்டரியிலிருந்து தடித்த வயரை ஃபியூஸோடு நிலையாக இழுத்து, பம்பின் ஸ்விட்ச்சுக்குக் கொடுத்துவிட்டால் கிளிப்பே தேவைப்படாது. கிளிப் மாட்டும்போது தெறிக்கும் பொறியும் இல்லாமல் போகும்.

நிமிடத்திற்கு 40 லிட்டர் என்று எழுதிய பம்ப், ஃபில்டரும் நான்கு மீட்டர் ஹோஸும் சேர்ந்தபின் 30 லிட்டர் அளவுக்குத்தான் தரும். 350 லிட்டரை ஊற்றப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அது போதும். இன்னும் வேகம் வேண்டும் என்று பெரிய பம்பிற்குப் போனால் சிறிய டேங்குகளில் நுரைத்து வெளியே வரும். பேட்டரி இறங்கிய நாளுக்காகக் கையால் சுற்றும் பம்ப் ஒன்றையும் வாங்கி வையுங்கள். அது இல்லாத இடங்களில்தான் டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். நுரையீரலுக்குள் சிறிதளவு டீசல் போனாலே கடுமையான அழற்சி உண்டாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஹோஸ், எரிபொருளுக்கென்று செய்த மின்னூட்டம் தேங்காத வகையாக இருக்கட்டும். வயலுக்குப் போடும் தண்ணீர்க் குழாய் சில வாரங்களில் ஊதிப்போகும். நாசில், டேங்க் நிறைந்ததும் தானே நிற்கும் வகையாக வேண்டும். மீட்டர் இல்லாமல் வாங்க வேண்டாம். அது சரியாகக் காட்டுகிறதா என்பதை முத்திரை வைத்த அளவைக் கலனில் ஊற்றிப் பாருங்கள். பங்க்குகளில் ஐந்து லிட்டர் அளவைக் கலன் இருக்கும். அதில் 25 மில்லி வரைதான் வித்தியாசம் ஏற்கப்படுகிறது. உங்கள் மீட்டரில் அதைவிடக் கூடுதலாக வந்தால் திருத்தி வாங்குங்கள். டீசல் எங்கே போகிறது என்ற சண்டையில் பாதி, மீட்டர் பிழையால் வருவது. ஆபரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் மீட்டரைச் சோதியுங்கள்.

7. ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

புதிய பொக்லைன்களின் காமன் ரெயில் இன்ஜெக்டர்களில் உள்ளிடைவெளி சில மைக்ரான்தான். எனவே பம்பிற்கும் நாசிலுக்கும் நடுவே 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றும், தண்ணீரைப் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் கொண்ட ஃபில்டர் ஒன்றும் தேவை. இன்ஜெக்டர் செட் ஒன்றின் விலையில் பல ஆண்டுகளுக்கான ஃபில்டர் வாங்கலாம். வேகம் குறைகிறது என்று ஃபில்டரைக் கழற்றி எறிகிறவர்கள், அடைத்திருப்பது எது என்பதைப் பார்க்க அதை வெட்டித் திறந்து பார்க்க வேண்டும்.

8. வண்டியில் கட்டும் முறை

தொட்டியின் நீளம் வண்டியின் குறுக்கே வரும்படி, கேபினை ஒட்டி வையுங்கள். பின் அச்சுக்கு முன்னால் எடை இறங்கும். டீசல் முன்னும் பின்னும் ஓடும் தூரமும் குறையும். கட்டு, முன்பக்கம் தொட்டியின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்புறமும் பாதி எடையையும் தாங்கும்படி இருக்க வேண்டும். நைலான் கயிற்றால் நான்கு சுற்று சுற்றுவது கட்டு ஆகாது. வண்டியின் சேசிஸோடு சேரும் போல்ட்டும், ராட்செட் பெல்ட்டும் வேண்டும். அதே வண்டியில் வெடிபொருளையோ ஆக்சிஜன் சிலிண்டரையோ ஏற்றக் கூடாது. தொட்டியின் மேல் கூலியாள்களை உட்கார வைத்து அழைத்துச் செல்லவும் கூடாது.

9. முதல் முறை நிரப்புவது

இருபது லிட்டர் டீசலை ஊற்றி, குலுக்கி, வடிகால் வழியாக ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். வெல்டிங் துகளும் மண்ணும் வராத வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு ஐம்பது லிட்டர் ஊற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் அடியில் விரித்த காகிதத்தில் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

பங்க்கில் நிரப்பும்போது என்ஜினை நிறுத்தி, தொட்டியின் உலோக வாயில் நாசில் ஒட்டியே இருக்கும்படி பிடித்து, முதல் சில நிமிடங்கள் மெதுவாக விடுங்கள். கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைந்த இன்றைய பிஎஸ் 6 டீசல் மின்னூட்டத்தை எளிதில் கடத்துவதில்லை; வேகமாகத் தெறித்து விழும்போது மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். பிளாஸ்டிக் கேன்களில் வாங்குவதானால், வண்டியின் ரப்பர் விரிப்பின் மேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி நிரப்ப வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

10. பணியிடத்தில் ஊற்றும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெடி வைக்கும் நேரம் முடிந்து, ஆள்கள் திரும்பிய பிறகே வண்டி குவாரிக்குள் இறங்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பொக்லைனை அணைத்து, டர்போவும் சைலன்சரும் சூடு ஆறக் கொஞ்ச நேரம் விடுங்கள். மின்னூட்டம் சேராதபடி தொட்டியையும் இயந்திரத்தையும் உலோகக் கம்பியால் இணையுங்கள். 9 கிலோ உலர்தூள் தீயணைப்பானைக் காற்று வரும் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். வண்டியின் சீட்டுக்குப் பின்னால் இருந்தால் நெருப்பு வரும்போது எடுக்க முடியாது. டேங்க் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைத்துவிடுங்கள். மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஊற்றுங்கள். நாசிலில் கல்லையோ குச்சியையோ செருகிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

சிந்தினால் தண்ணீர் அடிக்காதீர்கள்; டீசல் அதன் மேல் மிதந்து இன்னும் பரவும், கிணற்றுப் பக்கம் போகும். குவாரியில் குறைவில்லாமல் கிடைக்கும் எம்சாண்டை இரண்டு வாளி எப்போதும் வண்டியில் வைத்து, சிந்திய இடத்தில் கொட்டி அள்ளிவிடுங்கள்.

மாலையில் மீட்டர் கணக்கை நோட்டில் எழுதிய பின், அளவுகோலின் நுனியில் தண்ணீர் கண்டறியும் பசையைத் தடவி அடிவரை இறக்குங்கள். பசையின் நிறம் மாறியிருந்தால், மறுநாள் காலையில் வண்டி அசைவதற்கு முன் வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அது டீசலோடு கலங்கி, பம்ப் வழியாக நேராக இயந்திரத்திற்குள் போய்விடும்.